எதற்குப் பதிலாக? அணுமின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுமின்சாரம் என்ற பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் செர்னோபிலைக் காட்டும், மறு பக்கம் நிலக்கரிப் புகையைக் காட்டும். எனக்கு இரண்டு தரப்பும் பாதிப் பாதி சரியென்றுதான் படுகிறது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. எதற்குப் பதிலாக என்று கேட்டால்தான் கணக்கே போட முடியும். அப்படிப் போட்டுப் பார்த்த கணக்குகள்தான் கீழே இருப்பவை.

ஏன் திடீரென்று எல்லோரும் மறுபடியும் அணு உலை பற்றிப் பேசுகிறார்கள்?

மின்சாரத் தேவை ஏறுவதுதான் காரணம். பல பணக்கார நாடுகளில் அது ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் நின்றிருந்தது. வளரும் நாடுகளில் எப்போதுமே ஏறிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு இடத்திலும் ஏறுகிறது. மின்சார வாகனங்கள், ஏசி, தொழிற்சாலைகள், அதற்கு மேல் டேட்டா சென்டர்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2024ல் உலகின் டேட்டா சென்டர்கள் இழுத்தது சுமார் 41,500 கோடி யூனிட். 2030க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறது அதே முகமை. 1,000 மெகாவாட் உலை ஒன்று ஆண்டில் ஏறக்குறைய 790 கோடி யூனிட் கொடுக்கும். அப்படியானால் டேட்டா சென்டர்களுக்கு மட்டுமே இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரிய உலைகளின் முழு உற்பத்தி தேவைப்படுகிறது.

அதனால்தான் 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், அணுமின் திறனை 2050க்குள் மூன்று மடங்காக்குவோம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன. அணுமின் திட்டங்களுக்குப் பணம் தருவதில்லை என்ற பழைய கொள்கையை 2025ல் உலக வங்கியும் கைவிட்டது. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் முதல் உலையை மறுபடி ஓட்டி, அதன் மின்சாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொள்ள 2024ல் ஒப்பந்தம் ஆனது. அதே வளாகத்தின் இரண்டாவது உலைதான் 1979ல் பாதி உருகிப் போனது.

பேச்சு பெரிது, பங்கு சிறிது. உலக மின்சாரத்தில் அணுவின் பங்கு இன்று 9 சதவீதம் சுற்றி இருக்கிறது. 1990களின் நடுவில் அது 17 சதவீதத்தைத் தொட்டது. அணுமின் உற்பத்தி அப்படியொன்றும் குறையவில்லை. மற்றவை வேகமாக வளர்ந்தன, இது நின்ற இடத்திலேயே நின்றது.

அணுமின்சாரத்தில் கரியமில வாயுவே வராதா?

உலை ஓடும்போது வராது. சுரங்கம் தோண்டுவது, யுரேனியத்தைச் செறிவூட்டுவது, மலை போலக் கான்கிரீட் கொட்டுவது, கடைசியில் இடிப்பது, எல்லாவற்றையும் சேர்த்தால் கொஞ்சம் வரும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014ல் போட்ட கணக்கில் நடுமதிப்பு யூனிட்டுக்கு 12 கிராம். காற்றாலைக்கும் அதே அளவுதான். பெரிய சூரியப் பூங்காவுக்கு 48, எரிவாயுவுக்கு 490, நிலக்கரிக்கு 820. சூரியத் தகடுகளின் கணக்கு அதன்பிறகு இன்னும் இறங்கியிருக்கிறது.

ஒரு 1,000 மெகாவாட் அணு உலை அதே அளவு நிலக்கரி மின்சாரத்தின் இடத்தைப் பிடித்தால் ஆண்டுக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு மிச்சம். இடத்தைப் பிடித்தால் என்று சொன்னதைக் கவனியுங்கள். நிலக்கரியும் ஓடிக்கொண்டே இருக்க, அதற்கு மேல் உலையும் சேர்ந்தால் ஒரு கிராமும் மிச்சமாகாது.

ஒரு உலைக்கு எவ்வளவு எரிபொருள் தேவை?

விரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு உருளை, பத்து கிராமுக்குள் எடை. அதுதான் எரிபொருள் வில்லை. அதில் இருந்து வரும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரிக்குச் சமம். இந்த வில்லைகளை நீளமான உலோகக் குழாய்களில் வரிசையாக அடுக்கி, குழாய்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து உலைக்குள் இறக்குகிறார்கள். 1,000 மெகாவாட் உலைக்கு ஆண்டுக்கு 20 முதல் 27 டன் வரை போதும். அதே மின்சாரத்துக்கு நல்ல நிலக்கரியே சுமார் 30 லட்சம் டன் வேண்டும்.

உலைக்குள் போகுமுன் இந்த வில்லையைக் கையுறை போட்டுக்கொண்டு கையில் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. சில ஆண்டுகள் எரிந்து வெளியே வந்த கட்டின் பக்கத்தில் தடுப்பு இல்லாமல் நின்றால் சில நிமிடங்களில் உயிர்கொல்லும் அளவு கதிர்வீச்சு உடலில் ஏறிவிடும். அணுமின்சாரத்தின் நல்லது கெட்டது இரண்டும் இந்த ஒரு வில்லைக்குள் இருக்கிறது. பொருள் மிகக் கொஞ்சம், ஆனால் எரிந்த பிறகு கிட்டே போக முடியாத பொருள்.

யுரேனியம் வெட்டியெடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியை உலைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள். தாதுவிலிருந்து யுரேனியத்தை எடுத்த பிறகு மிஞ்சும் மாவு போன்ற சக்கையில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் அப்படியே தங்கிவிடும். அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். 1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்ற இடத்தில் சக்கைக் குளத்தின் அணை உடைந்தது. 1,000 டன்னுக்கு மேல் சக்கையும், அதோடு கோடிக்கணக்கான லிட்டர் அமிலக் கழிவுநீரும் புவேர்கோ ஆற்றில் இறங்கின. ஆற்றோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நவஹோ பழங்குடியினர். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் விபத்து உலகம் பூராவும் தெரியும், இது பலருக்குத் தெரியாது. நவஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கு மேல். இன்னமும் சுத்தம் செய்து முடியவில்லை.

இப்போது முறை மாறியிருக்கிறது. உலக யுரேனியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தரும் கஜகஸ்தானில் சுரங்கமே தோண்டுவதில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டு உள்ளே அமிலத்தை இறக்கி, யுரேனியம் கரைந்த நீரை மேலே உறிஞ்சி எடுக்கிறார்கள். மேலே மண்மேடு இல்லை, தூசி இல்லை. நிலத்தடி நீரில் அமிலம் இருக்கிறது. அது எங்கே நகர்கிறது என்று பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் தோண்டும் மண் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தச் சுமையைத் தாங்குகிறவர்களும் மின்சாரத்தை அனுபவிக்கிறவர்களும் ஒரே ஆட்கள் இல்லை.

உலையின் சூடான நீர் கடலையும் ஆற்றையும் கெடுக்குமா?

உலையில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. 1,000 மெகாவாட் மின்சாரம் வந்தால் இன்னொரு 2,000 மெகாவாட் வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். ஒன்று, கடல்நீரையோ ஆற்றுநீரையோ உள்ளே இழுத்துச் சில டிகிரி சூடாக்கித் திருப்பி விடலாம். இல்லையென்றால் குளிரூட்டும் கோபுரத்தில் ஆவியாக்கலாம். கோபுரம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் நீர் ஆவியாகப் போய்விடும். படங்களில் கோபுரத்தின் வாயில் வெள்ளையாக எழும்புவது புகை இல்லை, இந்த நீராவிதான்.

இழுக்கும் நீரோடு மீன் முட்டைகளும் குஞ்சுகளும் உள்ளே போகும், பெரும்பாலும் பிழைக்காது. சில சமயம் கடல் பழிவாங்கும். 2013ல் ஸ்வீடனின் ஓஸ்கார்ஷாம் நிலையத்திலும், 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவ்லின் நிலையத்திலும் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்து நீர் வடிகட்டியை அடைத்து உலைகளை நிறுத்தின.

ஃப்ளோரிடாவின் டர்க்கி பாயின்ட் கதை எனக்குப் பிடித்தது. அங்கே சுடுநீரை ஆறவைக்கச் சுமார் 270 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்களை வெட்டினார்கள். 1970களில் அதன் கரையில் அமெரிக்க முதலைகள் முட்டையிட ஆரம்பித்தன. அழிவின் விளிம்பில் இருந்த அந்த இனம் தேறியதில் இந்த வாய்க்கால்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதே வாய்க்கால்களின் உப்பு ஏறிய நீர்தான் கீழே இறங்கி, பக்கத்து மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரை நோக்கிப் பரவியது. ஒரே வாய்க்கால் முதலைக்கு நல்லது, கிணற்றுக்குக் கெட்டது.

அப்புறம் வெப்ப அலை. 2003லும் 2022லும் பிரான்சில் ஆறுகள் சூடேறியதால் உலைகளின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. மக்கள் ஏசி போடும் அதே வாரத்தில் உலை தணிந்து ஓடும். பூமி சூடாகச் சூடாக ஆற்றோர உலைகளுக்கு இது பெரிய தலைவலியாகத்தான் போகிறது.

அணுமின் நிலையத்தின் பக்கத்தில் குடியிருந்தால் கதிர்வீச்சு தாக்குமா?

சாதாரண நாளில் மிகமிகக் குறைவு. மண், பாறை, வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). நிலையத்தின் அருகே இருப்பதால் கூடுவது பொதுவாக 0.01 மில்லிசீவெர்ட்டுக்கும் கீழே. நிலக்கரியிலும் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கின்றன, சாம்பலில் அவை செறிந்து வெளியே வருகின்றன என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

உலை அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. குண்டுக்கு, எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 என்ற வகை ஏறக்குறைய 90 சதவீதம் வேண்டும். பெரும்பாலான உலைகளில் 3 முதல் 5 சதவீதம்தான். உலையில் நடக்கக்கூடியது நீராவி வெடிப்பும் ஹைட்ரஜன் வெடிப்பும். அவையே போதுமான அளவு பயங்கரம்.

அப்படியானால் செர்னோபிலிலும் புகுஷிமாவிலும் நடந்தது என்ன?

இரண்டும் வேறு வேறு நோய்.

இன்றைய உக்ரைனில் இருக்கும் செர்னோபிலில், 1986 ஏப்ரல் 26 அதிகாலை ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த வகை உலையில் தண்ணீர் கொதித்து ஆவியானால் அணுப்பிளவு குறையாது, கூடும். பிரேக் போட்டால் வண்டி முதலில் வேகமெடுக்கும் என்பது போன்ற வடிவமைப்பு. அதன் மேல் பாதுகாப்பு விதிகளையும் மீறி ஓட்டினார்கள். மேற்கத்திய உலைகளைச் சுற்றி இருக்கும் தடித்த கான்கிரீட் கூடு அங்கே கிடையாது. வெடித்தது நேரே வானத்துக்குப் போனது. பத்து நாள் எரிந்தது.

ஜப்பானின் புகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றுவிட்டன. ஆனால் உலையை நிறுத்துவதும் அடுப்பை அணைப்பதும் ஒன்றில்லை. அணுப்பிளவு நின்ற நொடியில்கூட, உண்டாகியிருக்கும் கதிரியக்கப் பொருள்களால் முழுத்திறனில் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது கிட்டத்தட்ட 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் பக்கம் இருக்கும். தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரத்தை நிலநடுக்கம் அறுத்தது. மாற்று டீசல் ஜெனரேட்டர்களை 14, 15 மீட்டர் உயர அலை மூழ்கடித்தது. அந்த நிலையம் எதிர்பார்த்திருந்த அலை 6 மீட்டர்கூட இல்லை. மூன்று உலைகள் உருகின.

அதே கடற்கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் ஓனகாவா என்ற நிலையம் இருக்கிறது. அதைக் கட்டியபோது, பழைய சுனாமிகளின் வரலாற்றைக் காட்டி, தரை உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பிடிவாதமாக நின்றார். தரைமட்டம் கடலுக்கு மேல் 14 மீட்டருக்குக் கூடுதலாக அமைந்தது. 2011ல் அலை 13 மீட்டர் எழுந்தது. ஊர் அடித்துக்கொண்டு போனது, நிலையம் நின்றது. வீடிழந்த சில நூறு பேர் மூன்று மாதம் வரை தங்கியிருந்தது எங்கே தெரியுமா? அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்.

அதனால் இயற்கைச் சீற்றம் என்று மட்டும் சொல்லிப் புகுஷிமாவை முடித்துவிட முடியாது. யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதிய ஒரு எண்தான் இரண்டு நிலையங்களையும் பிரித்தது.

விபத்துகளில் எத்தனை பேர் இறந்தார்கள்?

செர்னோபிலில் முதல் சில மாதங்களில் சுமார் 30 பேர். பிறகு அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் ஆயிரக்கணக்கில் தைராய்டு புற்றுநோய் வந்தது. பெரும்பாலும் குணமாக்க முடிந்தது. பாலை உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி வந்தே இருக்காது. அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் காலப்போக்கில் 4,000 பேர் வரை இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சொன்ன மதிப்பீடு. இதைவிடப் பெரிய எண்களைச் சொல்கிறவர்களும் உண்டு. மிகக் குறைந்த கதிர்வீச்சின் விளைவை எப்படிக் கணிப்பது என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை.

புகுஷிமாவில் ஒரு விநோதம். கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியின் நுரையீரல் புற்றுநோயை மட்டும்தான். ஆனால் வெளியேற்றத்தாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்கள் அந்த மாகாணத்தில் 2,000க்கு மேல். பெரும்பாலோர் முதியவர்கள். மருத்துவமனையிலிருந்து அவசரமாகப் பேருந்தில் ஏற்றப்பட்டவர்களும் அதில் உண்டு. பயத்துக்கும் ஒரு பலி எண்ணிக்கை உண்டு. அதையும் அணுமின்சாரத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும், தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும், 100 கோடி யூனிட்டுக்கு நிலக்கரியில் சுமார் 25 பேர், எரிவாயுவில் 3 பேர், அணுவில் 0.03 என்பதுதான் பரவலாகக் காட்டப்படும் ஒப்பீடு. காற்றும் சூரியனும் அணுவின் பக்கத்திலேயே நிற்கின்றன. நிலக்கரியில் இறப்பவர்கள் புகையால் ஒவ்வொருவராக, வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மருத்துவமனையில் இறக்கிறார்கள். அதனால் செய்தியாவதில்லை.

கழிவை என்ன செய்கிறார்கள்?

முதலில் தண்ணீரில் போடுகிறார்கள். உலையிலிருந்து எடுத்த எரிபொருளை ஆழமான குளத்தில், மேலே பல மீட்டர் நீர் நிற்கும்படி வைப்பார்கள். நீர் சூட்டையும் எடுக்கும், கதிர்வீச்சையும் தடுக்கும். விளக்கை அணைத்தால் குளம் மெல்லிய நீல நிறத்தில் ஒளிரும். ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ போன பிறகு எஃகும் கான்கிரீட்டும் கொண்ட பெரிய பீப்பாய்களுக்கு மாற்றுவார்கள். ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல் எடை. அதற்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், காற்றோட்டமே போதும். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம்.

இதுவரை உலகம் பூராவும் சேர்ந்த எரிந்த எரிபொருள் ஏறக்குறைய 4 லட்சம் டன். ‘ஒரு கால்பந்து மைதானத்தில் அடங்கிவிடும்’ என்று ஒரு வசனம் சுற்றுகிறது. எடையையும் அடர்த்தியையும் வைத்துப் பார்த்தால் கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் சூடான பொருளை அப்படி நெருக்கி அடுக்கவே முடியாது. வசனம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அளவைவிட ஆயுள்தான் சிக்கல். சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 இரண்டின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டு. முன்னூறு ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளுட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டு. இதற்குப் பூமிக்கடியில் ஆழமாகப் புதைப்பதே சரி என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை இல்லை. எந்த ஊரின் அடியில் என்பதில்தான் சண்டை.

ஃபின்லாந்து அந்தச் சண்டையைத் தீர்த்துக் காட்டியிருக்கிறது. எவுராயோகி என்ற சிற்றூராட்சியில் சுமார் 190 கோடி ஆண்டு பழைய பாறைக்குள், 400 மீட்டருக்கும் கீழே ஓன்கலோ என்ற புதைகுழி. இரும்புக் கூட்டுக்கு மேல் செம்பு உறை, அதைச் சுற்றி ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும் களிமண், அதைச் சுற்றிப் பாறை. 2024ல் உண்மைக் கழிவு இல்லாமல் ஒத்திகை தொடங்கினார்கள். அங்கே ஊராட்சிக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை இருந்தது, ஊர் சரி என்றது. அமெரிக்காவில் 1987ல் நெவாடா மாநிலம் எதிர்க்க எதிர்க்க யூக்கா மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடிகோடியாய்ச் செலவழித்து, 2010 வாக்கில் கைவிட்டார்கள். பாறையைவிட அந்த உரிமைதான் உறுதியான அடித்தளம் போலிருக்கிறது.

ஆழத்தில் புதைத்தாலும் மனிதன் மனிதன்தான். நியூ மெக்சிகோவின் உப்புப் பாறைக்கடியில் ஆயுதத் தயாரிப்புக் கழிவைப் புதைக்கும் விப் என்ற இடம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் அங்கே ஒரு பீப்பாய் வெடித்தது. ஈரத்தை உறிஞ்சப் போட வேண்டியது, வீட்டுப் பூனையின் கழிவுப் பெட்டியில் போடும் களிமண் வகைத் துகள். யாரோ தானிய வகைத் துகளைப் போட்டுவிட்டார்கள். அது கழிவிலிருந்த நைட்ரேட் உப்போடு சேர்ந்து சூடேறியது. அந்த இடம் ஏறக்குறைய மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது.

எரிந்த எரிபொருளை மறுபடி பயன்படுத்த முடியாதா?

முடியும். பிரான்சின் லா ஹேக் ஆலையில் பல பத்தாண்டுகளாக யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். புதைக்க வேண்டிய அளவு குறையும். ஆனால் புது யுரேனியத்தைவிடச் செலவு அதிகம், பிரிந்து நிற்கும் புளுட்டோனியம் குண்டுக்கும் ஆகும். எப்படியானாலும் புதைகுழி வேண்டாம் என்றாகிவிடாது.

புகுஷிமாவிலிருந்து கடலில் விட்ட நீர்?

உருகிய உலைகளைக் குளிரவைக்க ஊற்றிச் சேர்ந்த நீரை 2023 ஆகஸ்ட் 24 முதல் விடுகிறார்கள். பெரும்பாலான கதிரியக்கப் பொருள்களை வடிகட்டிய பிறகும் ட்ரிட்டியம் மிஞ்சும். அது ஹைட்ரஜனின் ஒரு வடிவம், தண்ணீராகவே மாறிவிடுவதால் பிரிப்பது கடினம். லிட்டருக்கு 1,500 பெக்கெரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே வரும்வரை கடல்நீரில் கலந்து விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவே 10,000. எனக்கு இதில் உடல்நலக் கவலை பெரிதாக இல்லை. ஆனால் பிடித்த மீனை விற்க முடியாமல் நிற்கிற மீனவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை.

உலை கட்ட ஏன் இவ்வளவு பணமும் காலமும் ஆகிறது?

என்னைக் கேட்டால் அணுமின்சாரத்தின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் குறை கதிர்வீச்சு இல்லை, தாமதம்தான். ஃபின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலையை 2005ல் ஆரம்பித்து 2009ல் முடிப்பதாக இருந்தது. 2023ல்தான் வழக்கமான உற்பத்திக்கு வந்தது. பிரான்சின் ஃப்ளமன்வில் மூன்றாம் உலை 2007ல் தொடங்கி 2024 டிசம்பரில் மின்தொகுப்போடு இணைந்தது. செலவு 330 கோடி யூரோவிலிருந்து 1,320 கோடிக்குப் போனது. அமெரிக்காவின் வோகில் உலைகள் இரண்டும் 1,400 கோடி டாலரில் ஆரம்பித்து 3,000 கோடியைத் தாண்டின. தாமதமான ஒவ்வொரு ஆண்டும் அந்த இடத்தில் எரிவாயுவோ நிலக்கரியோ எரிந்துகொண்டிருக்கும். வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு விதிகள் கூடியது ஒரு காரணம். ஆனால் முக்கியமானது கைப்பழக்கம். இருபது முப்பது ஆண்டு உலையே கட்டாத நாட்டில் வெல்டரும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை, வரைபடமும் பாதியில் மாறும். பிரான்ஸ் 1974ல் தீர்மானித்து, பதினைந்து ஆண்டு சொச்சத்தில் சுமார் 50 உலைகளை ஒரே மாதிரி வடிவத்தில் வரிசையாகக் கட்டியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தென்கொரிய நிறுவனம் பரக்காவில் நான்கு உலைகளை 2012ல் தொடங்கி 2024க்குள் ஓடவிட்டது. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் கால் பங்கு அதிலிருந்து வருகிறது.

ஒரே மாதிரி கட்டினால் நோயும் ஒரே மாதிரி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 கடைசியில் பிரான்சின் உலைக் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தெரிய ஆரம்பித்தபோது, ஒரே வடிவ உலைகள் பலவற்றை ஒரே சமயத்தில் நிறுத்த வேண்டி வந்தது. வழக்கமாக மின்சாரம் விற்கும் நாடு 2022ல் வாங்கியது.

சிறிய உலைகள் இதைத் தீர்த்துவிடுமா?

தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துவது என்பது நல்ல யோசனை. இதுவரை ஓடுபவை கொஞ்சம்தான். ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020லிருந்து ஒரு மிதக்கும் நிலையம், 35 மெகாவாட் உலைகள் இரண்டு. சீனாவின் ஷிதாவ்வானில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்த ஒரு நிலையம். அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் ஐடஹோ திட்டம் ஒரு கம்பிகூட ஊன்றாமல் 2023 நவம்பரில் ரத்தானது, மின்சார விலை மதிப்பீடு ஏறியதால். ஒன்றிரண்டு செய்தால் சிறிய உலை யூனிட்டுக்கு அதிகச் செலவு பிடிக்கும். நூறு செய்தால் இறங்கலாம். நூறாவதை யாரும் இன்னும் செய்யவில்லை.

சூரியனும் காற்றும் மலிவாக இருக்கும்போது அணு எதற்கு?

நியாயமான கேள்வி. புதிதாகக் கட்டும் மின்சாரத்தில் பல இடங்களில் இவைதான் மலிவு. பேட்டரி விலையும் விழுந்துவிட்டது. சூரியப் பூங்கா ஒன்றிரண்டு ஆண்டில் எழும்பிவிடும். காசும் அவசரமும் மட்டும் பார்த்தால் பதில் முடிந்துவிட்டது.

முடியாத இடம் இரவு அல்ல, இரவைப் பேட்டரி தாங்கும். தொடர்ந்து பத்து நாள் மேகமும் காற்றில்லாமையும் சேர்ந்து வரும் குளிர்காலம்தான் சிக்கல். அப்போது எங்கிருந்தாவது உறுதியான மின்சாரம் வர வேண்டும். நீர்மின்சாரம் நிறைய உள்ள நாட்டுக்கு அது போதும். மற்ற நாடுகளுக்கு எரிவாயு, நிலக்கரி, அணு மூன்றில் ஒன்று. நிலமும் ஒரு விஷயம், ஒரே அளவு மின்சாரத்துக்கு உலை பிடிக்கும் இடம் மிகக் குறைவு.

எனக்கு எரிச்சல் தருவது, 2040ல் உலை வரும் என்று காட்டி இந்த ஆண்டின் சூரியத் திட்டத்தை ஒத்திப்போடுகிற அரசியல். அது அணுவுக்கு ஆதரவு இல்லை, நிலக்கரிக்கு ஆதரவு.

ஓடிக்கொண்டிருக்கும் உலையை மூடுவது சரியா?

பழுதோ நில அபாயமோ இல்லாவிட்டால், சரியில்லை என்றே நினைக்கிறேன். ஜெர்மனியில் 2010ல் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அணுவிலிருந்து வந்தது. கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடினார்கள். நிலக்கரிக்கு அவர்கள் கொடுத்திருக்கும் கடைசித் தேதி 2038. காற்றாலையும் சூரியத் தகடும் ஏராளமாகப் போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை முதலில் அணுவின் இடத்தை நிரப்பின, நிலக்கரியின் இடத்தை அல்ல.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் வரிசையை மாற்றிப் போட்டது. கிடப்பில் கிடந்த புரூஸ் நிலைய உலைகளைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டியது. 2014 ஏப்ரலில் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது. மலிவும் வேகமும் உள்ள அணுமின்சாரம் எதுவென்றால், ஏற்கெனவே கட்டி முடித்த உலைதான்.

போர் வந்தால்?

உக்ரைனின் ஸபோரிஷியா ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம், ஆறு உலைகள். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை பிடித்தது. வெளி மின்சாரம் பலமுறை அறுந்து, டீசல் ஜெனரேட்டரை நம்பி நாள் ஓட்டியது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, குளிரூட்ட நீர் கொடுத்துவந்த நீர்த்தேக்கம் வற்றியது. உலைகள் முன்பே நிறுத்தப்பட்டிருந்ததால் கிணறு தோண்டிச் சமாளித்தார்கள். இப்படி ஒரு நிலைமையை மனதில் வைத்து எந்த உலையும் வடிவமைக்கப்படவில்லை. சூரியத் தகட்டின் மேல் குண்டு விழுந்தால் தகடு உடையும், அவ்வளவோடு போய்விடும்.

வயதான உலை என்ன ஆகும்?

எரிபொருளை எடுத்து, கதிரியக்கம் தணியக் காத்திருந்து, துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். பத்து ஆண்டும் ஆகலாம், பல பத்தாண்டும் ஆகலாம். அமெரிக்காவின் மெயின் யாங்கீ நிலையத்தை 2005ல் முழுவதுமாக அப்புறப்படுத்தினார்கள். உலையும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் எரிந்த எரிபொருளைக் கொண்டுபோக இடம் இல்லாததால் அறுபத்துச் சொச்சம் பீப்பாய்கள் வேலிக்குள் நிற்கின்றன, துப்பாக்கியோடு காவல் இருக்கிறது. 1998லேயே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன அரசு இன்னும் எடுக்கவில்லை. அதற்கான நஷ்டஈடு வரிப்பணத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் உலை வரப்போகிறது என்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

‘பாதுகாப்பானதா?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்ற பதில் அச்சடித்துத் தயாராக இருக்கும். எண்ணைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் அலைக்கு, எத்தனை மீட்டர் வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், மாற்று ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கும்? கோடையின் மிகச் சூடான வாரத்தில் ஆற்றில் எவ்வளவு நீர் இருக்கும், அதில் எவ்வளவு எடுப்பீர்கள்? எரிபொருள் குளம் எத்தனை ஆண்டில் நிரம்பும், நிரம்பினால் அடுத்து எங்கே? மருத்துவமனை நோயாளிகளையும் முதியவர்களையும் எந்த வழியாக, எந்த வாகனத்தில், எத்தனை மணி நேரத்தில் கொண்டுபோவீர்கள், அதை ஒருமுறையாவது ஒத்திகை பார்த்திருக்கிறீர்களா? உலையைப் பிரிக்க ஒதுக்கும் பணம் யார் கையில் இருக்கும்?

கடைசியாக ஒன்று. இந்த உலை ஓட ஆரம்பித்ததும் எந்த நிலக்கரி நிலையத்தை மூடுவீர்கள்? பெயரையும் தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.